மினியேச்சர் மறுவிற்பனை விலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேசை விளையாட்டுகளுக்கான சின்ன உருவங்களை, அதாவது மினியேச்சர்களை, வாங்கி விற்று மாற்றிக்கொள்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. ஹீரோக்ளிக்ஸ், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மினியேச்சர்ஸ், ஸ்டார் வார்ஸ் மினியேச்சர்ஸ் மாதிரி, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே பெட்டி வாங்குகிற விளையாட்டுகளைத்தான் பெரும்பாலும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வார்ஹாமர், எக்ஸ்-விங் போன்றவையும் இடையிடையே வரும். கடையில் புதிதாக வாங்கும் விலைக்கு இங்கே வேலை இல்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும்போது படிகிற விலைதான் விஷயம்.

ஒரே மினிக்குப் பத்து விலை கண்ணில் படுகிறது. எதை எடுத்துக்கொள்வது?

விற்று முடிந்த விலையை. ஒருவர் தன் டிராகனுக்கு என்ன விலை வேண்டுமானாலும் போட்டுவைக்கலாம். ஆள் வந்து பணம் கொடுத்தால்தான் அது விலை.

நியாயமான விலை போட்ட லிஸ்டிங் (விற்பனை அறிவிப்பு) இரண்டு நாளில் விற்று, பட்டியலிலிருந்து மறைந்துவிடும். யானை விலை குதிரை விலை சொன்ன லிஸ்டிங் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும். ஆகவே எந்த நாள் தேடினாலும் உங்கள் கண்ணில் அதிகம் படுவது விற்காமல் தேங்கிய சரக்குதான். அதன் சராசரியை எடுத்தால், வாங்குபவர்கள் வேண்டாம் என்று ஒதுக்கிய விலையைத்தான் கணக்குப் போட்டிருப்பீர்கள்.

கேட்கும் விலையால் பயனே இல்லையா என்றால், அப்படியும் இல்லை. இருப்பதிலேயே குறைந்த கேட்கும் விலை ஒரு மேல் வரம்பு. அதே நிலையில் இருக்கும் மினி 40-க்கு இப்போதே கிடைக்கும்போது விவரம் தெரிந்தவர் யாரும் 50 கொடுக்கமாட்டார். அதேபோல, பழைய மினிகளை விலைக்கு எடுக்கும் கடைகள் வெளியிடும் கொள்முதல் பட்டியல் ஒரு கீழ் வரம்பு. கடைக்காரர் அதை வாங்கி, அடுக்கி வைத்து, ஆள் வரும்வரை காத்திருந்து லாபத்துக்கு விற்க வேண்டும், அதனால் அந்த விலை எப்போதும் தாழ்வாகத்தான் இருக்கும். படிந்த விலை இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ விழும். மூன்றையும் தனித்தனியாக எழுதிவைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

ஈபேயில் விற்ற விலையை எப்படிப் பார்ப்பது?

தேடல் முடிவின் ஓரத்தில் வரும் வடிகட்டிகளில் 'சோல்ட் ஐட்டம்ஸ்' என்பதைத் தட்டினால், கடந்த 90 நாளில் விற்றவை வரும். பக்கத்திலேயே 'கம்ப்ளீட்டட் ஐட்டம்ஸ்' என்று இன்னொன்று இருக்கும். அது விற்காமலே காலம் முடிந்தவற்றையும் சேர்த்துக் காட்டும். இரண்டையும் பாருங்கள். இருபது லிஸ்டிங் முடிந்து அதில் மூன்றுதான் விற்றிருக்கிறது என்றால், அந்த மினிக்கு விலை இருக்கிறதே தவிர ஓட்டம் இல்லை. 90 நாளுக்கு முந்தைய தகவல் வேண்டுமானால், விற்பனையாளர்களுக்கான செல்லர் ஹப் பகுதியில் டெராபீக் என்ற ஆய்வுக் கருவி இருக்கிறது. மூன்று ஆண்டு வரை பின்னால் போகலாம்.

இந்தப் பக்கத்தில் நாலு இடத்தில் ஏமாறலாம். விலையின் மேல் குறுக்குக்கோடு போட்டிருந்தால், விற்பவர் பேரத்துக்கு ஒத்துக்கொண்டு குறைத்துக் கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். எவ்வளவு குறைத்தார் என்பது அங்கே தெரியாது. ஆகவே அந்த எண்ணை அப்படியே எழுதாதீர்கள், 'இதற்குக் கீழே' என்று குறியுங்கள். அடுத்தது அஞ்சல் செலவு. அஞ்சல் இலவசம் என்று 15-க்கு விற்றதும், 10 விலை, 5 அஞ்சல் என்று விற்றதும் ஒன்றேதான். மூன்றாவது, ஒரே படம், ஒரே விற்பனையாளர், பத்து நாள் இடைவெளியில் இரண்டு விற்பனை. பெரும்பாலும் முதல் ஏலத்தில் ஜெயித்தவர் பணம் கட்டவில்லை, அதனால் திரும்பப் போட்டிருக்கிறார். முதலாவதை அடித்துவிடுங்கள். கடைசியாக, ஒரே லிஸ்டிங்கில் பல எண்ணிக்கை வைத்து விற்பவர்கள். அங்கே விலை இடையில் மாற்றப்பட்டிருக்கலாம்.

பெயரைப் போட்டுத் தேடினால் சம்பந்தமில்லாதவை எல்லாம் வருகிறதே?

வரத்தான் செய்யும். இந்தக் கணக்கில் பாதி வேலை, கையில் இருப்பது எது என்று அடையாளம் காண்பதுதான். ஸ்டார் வார்ஸ் மினியேச்சர்ஸின் முதல் செட்டான, அதாவது ஒன்றாக வெளியான முதல் உருவத் தொகுப்பான, ரெபல் ஸ்டார்மை (2004) எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே செட்டில் இரண்டு டார்த் வேடர் உண்டு: 'டார்க் ஜெடை' ரேர் (அரியது), 'சித் லார்ட்' வெரி ரேர் (மிக அரியது). பிற்பாடு வந்த செட்களில் இன்னும் பல வேடர்கள். 'டார்த் வேடர் மினியேச்சர்' என்று தேடினால் இவர்கள் அத்தனை பேரும் வேறு விளையாட்டு வேடர்களோடு சேர்ந்து வந்து நிற்பார்கள். அந்தப் பட்டியலின் சராசரி எந்த வேடருக்கும் பொருந்தாது.

ஆகவே மினியைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். இந்த வகை விளையாட்டுகள் பெரும்பாலானவற்றில் பெயர், செட்டின் குறி, வரிசை எண் எல்லாம் அடித்தட்டில் அச்சாகியிருக்கும். தேடும்போது பெயர், செட், எண் மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். ஹீரோக்ளிக்ஸின் ஆரம்பகால செட்களில் இது இன்னும் முக்கியம். 2002-இல் வந்த இன்ஃபினிட்டி சேலஞ்சிலிருந்து சில ஆண்டுகளுக்கு, ஒரே உருவம் ரூக்கி, எக்ஸ்பீரியன்ஸ்ட், வெட்டரன் என்று மூன்று தரத்தில் வந்தது. உருவத்தில் வித்தியாசமே இருக்காது. அடித்தட்டைச் சுற்றியுள்ள வளையத்தின் நிறம்தான் மஞ்சளா, நீலமா, சிவப்பா என்று மாறும். வளையம் தெரியாத கோணத்தில் எடுத்த படத்தை வைத்து விலை எழுதக் கூடாது.

வார்ஹாமரில் சிக்கல் வேறு மாதிரி. அதைத் தயாரிக்கும் கேம்ஸ் வொர்க்ஷாப் 2011-இல் தன் உலோக மினிகள் பலவற்றை ஃபைன்காஸ்ட் என்ற ரெசினுக்கு (அச்சில் ஊற்றி வார்க்கும் பிளாஸ்டிக் மாதிரி பொருள்) மாற்றியது. அச்சு அசல் ஒரே சிற்பம், ஆனால் ஒன்று உலோகம், மற்றது ரெசின். உலோகத்தைத்தான் தேடி வாங்குவேன் என்பவர்கள் நிறையப் பேர். எந்தப் பொருளால் ஆனது என்று ஒரு பத்தி (நெடுவரிசை) உங்கள் குறிப்பில் கட்டாயம் வேண்டும்.

மினியின் நிலை விலையை எவ்வளவு பாதிக்கும்?

விளையாட்டைப் பொறுத்தது. ஆட்ட விவரம் தனி அட்டையில் வரும் விளையாட்டுகளில் அட்டை இல்லாத மினி பாதி மினிதான். உருவத்தை மட்டும் விரும்பி வாங்குபவருக்கு, அதாவது வீட்டில் கதை விளையாட்டு நடத்த ஒரு பூதம் வேண்டும் என்பவருக்கு, அட்டை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. போட்டிக்குப் போகிறவருக்கும் முழு செட் சேர்ப்பவருக்கும் அட்டை இல்லாமல் ஆகாது. எனவே 'அட்டையுடன்', 'அட்டையின்றி' என்று இரண்டு தனி வரிசையாக விலை வையுங்கள். ஒன்றிலிருந்து மற்றதை யூகிக்க வேண்டாம்.

விண்கலச் சண்டை விளையாட்டான எக்ஸ்-விங்கின் முதல் பதிப்பில் இது தலைகீழாகவே போனது. அதன் ஆட்டோதிரஸ்டர்ஸ் என்ற மேம்பாட்டு அட்டை முதலில் ஸ்டார்வைப்பர் கப்பல் பெட்டிக்குள்தான் வந்தது. கப்பலே வேண்டாம், அந்த அட்டைக்காகப் பெட்டி வாங்கியவர்கள் உண்டு. அந்த மாதிரி நேரத்தில் 'ஸ்டார்வைப்பர், அட்டைகள் இல்லை' என்று ஒரு லிஸ்டிங் மலிவாக வந்தால், அது கப்பலின் விலை சரிந்ததற்கான அறிகுறி இல்லை.

மெல்லிய பிளாஸ்டிக்கில் வரும் வாளும் ஈட்டியும் வளைவது சகஜம். சூடான தண்ணீரில் சில நொடி முக்கி, நேராக்கி, உடனே குளிர்ந்த தண்ணீரில் விட்டால் நிமிர்ந்துவிடும். அதனால் வளைவுக்காக விலையில் பெரிய வித்தியாசம் போடத் தேவையில்லை. ஒடிந்து ஒட்டியது வேறு கதை. ஹீரோக்ளிக்ஸில் அடித்தட்டுக்குள் இருக்கும், ஆட்ட எண்களைக் காட்டும் டயல் சுற்றுகிறதா, ஒவ்வொரு க்ளிக்கும் சரியான இடத்தில் நிற்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். படத்தில் இது தெரியாது.

தொழிற்சாலையில் வர்ணம் பூசி வந்த மினிக்கு மேல் மறுபடி பூசியிருந்தால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை உங்கள் கணக்கிலிருந்து தள்ளிவையுங்கள். அங்கே விற்பது ஓவியரின் உழைப்பு.

சராசரி போட்டால் போதாதா?

ஒரு மினி ஐந்து முறை விற்றிருக்கிறது: 18, 20, 21, 22, 64. சராசரி 29. ஆனால் 29-க்குப் பக்கத்தில் கூட ஒரு விற்பனை இல்லை. அந்த 64 எப்படி வந்தது? இரண்டு பேர் ஏலத்தில் வீம்புக்கு மோதியிருக்கலாம், கூடவே வேறு ஏதோ சேர்த்து விற்றிருக்கலாம். விலைகளை வரிசையாக அடுக்கி நடுவில் இருப்பதை எடுங்கள்: 21. இடைநிலை விலை என்பது இதுதான். விரிதாளில் இதற்கு மீடியன் என்ற சூத்திரம் தயாராக இருக்கிறது.

64-ஐ அழித்துவிட வேண்டாம். ஓரத்தில் 'ஏன்?' என்று ஒரு குறிப்போடு விட்டுவையுங்கள். அடுத்த மாதம் 58, 61 என்று வர ஆரம்பித்தால் அதுதான் முதல் அடையாளமாக இருந்திருக்கும்.

எத்தனை விற்பனை பார்த்தால் நம்பலாம்?

ஒரே நிலையில் உள்ள ஐந்தாறு விற்பனை, மூன்று மாதத்துக்குள் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பேரத்துக்குப் போகலாம். இரண்டே விற்பனைதான் இருக்கிறது என்றால் நடு எண்ணைச் சொல்லாமல் 'இவ்வளவிலிருந்து இவ்வளவு வரை' என்று சொல்லுங்கள். அரிய மினிக்கு வருடத்துக்கு ஒரு விற்பனைதான் நடக்கும். அங்கே விலை என்று ஒன்று கிடையாது, அன்றைக்கு எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதுதான் உண்டு.

லாட்டாக, மொத்தமாக விற்றதை எப்படிக் கணக்கில் எடுப்பது?

பலர் இதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் நல்ல மினிகள் பாதி லாட்டில்தான் கைமாறுகின்றன, அதனால் விடுவது சரியில்லை.

முப்பது மினி கொண்ட ஒரு லாட் 120-க்கு விற்றது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒரு டிராகன். தனியாக விற்றால் இடைநிலை விலை 60. இன்னும் இரண்டு ரேர், தலா 20. மீதி 27 சாதாரணம், தலா 2, ஆக 54. எல்லாம் தனித்தனியாக விற்றிருந்தால் 154 வந்திருக்கும். லாட் விற்றதோ 120, அதாவது கிட்டத்தட்ட 78 விழுக்காடு. அந்த விகிதத்தில் டிராகனுக்கு 47 என்று எழுதி, பக்கத்தில் 'லாட்' என்று குறியிடலாம்.

இது முழுக்கச் சரியான கணக்கு அல்ல. அந்த லாட்டை வாங்கியவர் டிராகனுக்காக மட்டும் வாங்கியிருந்தால், அவர் மனதில் டிராகன் 60-ஐயும் தாண்டியிருக்கும், மீதி எல்லாம் அவருக்குக் குப்பை. அதனால் லாட் எண்களைத் தனி விற்பனையோடு கலக்காமல் தனியாக வைத்துப் பாருங்கள். அவற்றின் உண்மையான பயன் வேறு: லாட்டுக்குக் கிடைக்கும் தள்ளுபடி அந்த விளையாட்டின் ஆரோக்கியத்தைச் சொல்லிவிடும். அந்த 78 ஒரு வருடத்தில் 55 ஆகிறது என்றால், தனி விலை அப்படியே இருந்தாலும், பெட்டி பெட்டியாக வெளியேறுகிறவர்கள் கூடிவிட்டார்கள் என்று பொருள்.

'ரேர்' என்று போட்டிருந்தால் விலை கூடத்தானே இருக்கும்?

இல்லை. அரிது என்பது பெட்டிக்குள் எத்தனை வருகிறது என்பதை மட்டும் சொல்கிறது. எத்தனை பேருக்கு வேண்டும் என்பது தனி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மினியேச்சர்ஸின் முதல் செட்டான ஹார்பிஞ்சரில் (2003) 80 உருவங்கள். ஒரு பூஸ்டரில், அதாவது உள்ளே என்ன என்று தெரியாமல் வாங்கும் பெட்டியில், எட்டு மினி: ஒரு ரேர், மூன்று அன்காமன் (ஓரளவு அரியது), நாலு காமன் (சாதாரணம்). பெட்டிக்கு ஒரு ரேர் என்றாலும், அந்த ரேர் யாரும் மேசையில் வைக்க விரும்பாத ஒரு விசித்திர மிருகமாக இருந்தால் அது அடிமாட்டு விலைக்குத்தான் போகும். எலும்புக்கூடு, ஓர்க் மாதிரி காமன்களோ ஒருவருக்கே பத்துப் பன்னிரண்டு வேண்டும். தனியாகப் பார்த்தால் அற்ப விலை, ஆனால் ஒரே மாதிரி பத்து சேர்த்து விற்கும்போது நல்ல பணம் தேறும்.

இதிலிருந்தே இன்னொரு கணக்கும் வருகிறது. ஒரு செட்டில் 20 ரேர் இருந்து, பூஸ்டருக்கு ஒன்று வந்தால், நீங்கள் விரும்பும் ரேரைப் பிடிக்கச் சராசரியாக 20 பூஸ்டர் உடைக்க வேண்டும். தனி மினியின் விலை 20 பூஸ்டர் விலையை எட்டவே எட்டாது, ஏனென்றால் உடைத்தவர்களுக்கு மற்ற மினிகளும் கிடைக்கின்றன, அவற்றையும் விற்கிறார்கள். தனியாக வாங்குவது மலிவு என்று எல்லோரும் சொல்வதன் காரணம் இதுதான்.

விலை ஏன் திடீரென்று ஏறுகிறது, இறங்குகிறது?

புது செட் வந்த முதல் வாரத்தில் விலை உச்சத்தில் இருக்கும். சரக்கு குறைவு, ஆசை அதிகம். பிறகு பெட்டி பெட்டியாக உடைத்து விற்பவர்களின் சரக்கு சந்தைக்கு வரும்போது இறங்கும். பொறுமை இருந்தால் சில வாரம் தள்ளி வாங்குங்கள். முதல் வார விலையைப் பதிவு செய்யலாம், ஆனால் அடிப்படையாகக் கொள்ள வேண்டாம்.

அடுத்தது ஆட்ட விதிகள். ஹீரோக்ளிக்ஸின் மாடர்ன் வகைப் போட்டியில் அண்மைய செட்கள் மட்டுமே செல்லும். ஒரு செட் அதிலிருந்து வெளியேறும் நாள் முன்கூட்டியே தெரியும்போது, போட்டிக்காரர்கள் அதற்கு முன்பே கைகழுவ ஆரம்பிப்பார்கள். ஒரு மினியின் விலை அதன் ஆட்ட பலத்தில் நிற்கிறதா, உருவ அழகில் நிற்கிறதா என்று உங்கள் ஏட்டில் ஒரு எழுத்தால் குறித்துவைத்தால் இந்தச் சரிவு ஆச்சரியம் தராது. பலத்தில் நிற்பது விதி மாறினால் விழும். கதாபாத்திரத்தின் பெயரில் நிற்பது விதியைப் பற்றிக் கவலைப்படாது. அந்தப் பாத்திரம் திரைக்கு வருகிறது என்ற செய்திக்குத்தான் அசையும்.

கம்பெனி விளையாட்டையே நிறுத்திவிட்டால் விலை செத்துவிடுமா?

சில செத்தன, சில பிழைத்தன. உருவத்துக்கு வேறு வேலை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மினியேச்சர்ஸ் 2011-இல் நின்றது. ஆனால் அதன் உருவங்கள் அந்தச் சண்டை விளையாட்டுக்கு மட்டுமானவை அல்ல. கதை விளையாட்டு நடத்தும் எவருக்கும் ஒரு ட்ரோலும் ஒரு டிராகனும் வேண்டும், அதனால் வாங்க ஆள் இருந்துகொண்டே இருந்தது. 2014-இல் விஸ்கிட்ஸ் நிறுவனம் ஐகான்ஸ் ஆஃப் த ரெல்ம்ஸ் என்ற புது வரிசையைத் தொடங்கிய பின் பழைய மினிக்குப் போட்டி வந்தது. எந்தப் பூதத்துக்குப் புது உருவம் வந்திருக்கிறது, எதற்கு வரவில்லை என்று பார்ப்பது இங்கே நல்ல வழிகாட்டி. ஸ்டார் வார்ஸ் மினியேச்சர்ஸ் 2010-இல் உரிமம் முடிந்து நின்றது. ரசிகர்களே பழைய உருவங்களுக்குப் புது ஆட்ட விவரம் எழுதித் தொடர்ந்தார்கள். அப்படி ஒரு கூட்டம் இருக்கும் வரை, அவர்கள் பட்டியலில் புதிதாக இடம்பெறும் சாதாரண மினிக்குக் கூடத் திடீர் கிராக்கி வரும்.

எக்ஸ்-விங்கில் இரண்டு அடி விழுந்தது. 2018-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது பழைய கப்பல்கள் செல்லும், ஆனால் அட்டைகளுக்கு மாற்றுப் பெட்டி வாங்க வேண்டும் என்றானது. 2024-இல் புது வெளியீடுகளே நின்றன. இம்மாதிரி அறிவிப்பு வந்த வாரத்தில் இரண்டு எதிர்த் திசையில் விலை இழுபடும்: பயந்து விற்பவர்கள் ஒரு பக்கம், இனி கிடைக்காது என்று அள்ளுபவர்கள் மறுபக்கம். அந்த மாதத்துப் புள்ளிகளைத் தனி நிறத்தில் குறியுங்கள். எந்தப் பக்கம் நின்றது என்று ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும்.

மறுபதிப்பு வந்தால்?

மறுவிற்பனை விலைக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை. ஸ்பேஸ் ஹல்க் என்ற பலகை விளையாட்டு 1989-இல் வந்தது. 2009-இல் குறைந்த எண்ணிக்கையில் மட்டும் என்று திரும்ப வந்தது, 2014-இல் மறுபடியும் வந்தது. 1989-இன் ஹீரோக்வெஸ்ட் 2021-இல் புது உருவங்களோடு கடைக்குத் திரும்பியது. ஹீரோஸ்கேப் 2010-இல் நின்று, 2024-இல் வேறு நிறுவனத்தின் கையில் எழுந்து வந்தது.

நல்ல உதாரணம் வார்ஹாமர்தான். பழைய ஃபேன்டஸி ஆட்டம் 2015-இல் ஏஜ் ஆஃப் சிக்மார் என்ற புது ஆட்டத்துக்கு வழிவிட்டது. அதைத் தொடர்ந்து பிரெட்டோனியா, டூம் கிங்ஸ் படைகள் விற்பனையிலிருந்தே எடுக்கப்பட்டன. கடையில் கிடைக்காத படை என்பதால் மறுவிற்பனைதான் ஒரே வழி. பிறகு 2019-இல், அந்தப் பழைய உலகத்தைத் திரும்பக் கொண்டுவரும் த ஓல்ட் வேர்ல்ட் ஆட்டத்தின் அறிவிப்பு. 2024-இல் ஆட்டமே வந்தபோது முன்வரிசையில் நின்றவை இதே இரண்டு படைகள்தான். அறிவிப்புக்கும் வெளியீட்டுக்கும் நடுவே நாலு வருடம். அதற்குள் பழைய சரக்கை விற்றவர்களுக்கும், கடைசி வரை பிடித்துக்கொண்டிருந்தவர்களுக்கும் ஒரே விலை கிடைத்திருக்க வழியில்லை.

மறுபதிப்பு எல்லாப் பழையவற்றையும் ஒரேபோல அடிக்காது. விளையாடத்தான் வேண்டும் என்பவர் புதியதற்குப் போய்விடுவார். அந்தப் பழைய பெட்டி, அந்தப் பழைய சிற்பம்தான் வேண்டும் என்பவர் அங்கேயே நிற்பார். எனவே முதலில் விழுவது பெயின்ட் அடித்த, பெட்டி தொலைந்த, ஆட்டத்துக்கு மட்டும் உதவும் பிரதிகள். பெட்டியோடு முழுசாக இருப்பவை அவ்வளவு ஆடாது.

ஏட்டில் என்னென்ன எழுத வேண்டும்?

ஒரு வரி இப்படி இருந்தால் போதும்: டார்த் வேடர் சித் லார்ட், ரெபல் ஸ்டார்ம், அட்டையுடன், வாள் லேசாக வளைவு, ஏலம், விற்ற தேதி, படிந்தது 22, அஞ்சல் 4, ஆக 26, மூன்று படம், சந்தேகம் இல்லை. கடைசியில் இருக்கும் 'சந்தேகம்' என்ற பத்திதான் எனக்குப் பிடித்தது. படம் மங்கல், அட்டை கண்ணில் படவில்லை, விற்பவர் புதியவர் என்று எது உறுத்தினாலும் அங்கே போகும். இடைநிலை எடுக்கும்போது சந்தேகம் உள்ள வரிகளை விட்டுவிட்டு ஒரு முறை, சேர்த்து ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

லிஸ்டிங் படத்தையும் சேமித்துவையுங்கள். இணைப்பு மட்டும் வைத்தால் சில மாதத்தில் பக்கம் போய்விடும்.

லெகோ உருவங்கள் சேர்ப்பவர்களுக்கு இந்த வேலை கொஞ்சம் சுலபம். பிரிக்லிங்கில் கடந்த ஆறு மாத விற்பனை விலைகள், குறைந்தது, அதிகமானது, சராசரி என்று பொருள்வாரியாகவே கிடைக்கின்றன. மற்ற மினி விளையாட்டுகளுக்கு அந்தக் கொடுப்பினை குறைவு, நாமேதான் எழுத வேண்டும்.

எவ்வளவு அடிக்கடி பார்க்க வேண்டும்?

90 நாள் சாளரம் என்பதால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பார்த்தாலே எதுவும் தவறாது. தினமும் பார்ப்பவர்களுக்கு விலை தெரிவதைவிடப் பதற்றம்தான் கூடுகிறது. நீங்கள் வாங்கத் துடிக்கும் நாலைந்துக்கு மட்டும் தேடலைச் சேமித்து அறிவிப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு நாட்டில் விற்ற விலையை எப்படி ஒப்பிடுவது?

விற்ற அன்றைய நாணய மாற்று விகிதத்தில் மாற்றுங்கள், இன்றைய விகிதத்தில் அல்ல. கூகுள் ஷீட்ஸில் கூகுள்ஃபைனான்ஸ் சூத்திரம் பழைய தேதிக்கும் விகிதம் தரும். அப்புறம், அஞ்சலும் சுங்கமும். சின்ன மினிக்கு வெளிநாட்டு அஞ்சல், மினியின் விலையையே தாண்டிவிடும். அங்கே மலிவு என்பது உங்கள் வாசலில் மலிவு ஆகாது. ஆகவே எல்லா விற்பனையையும் ஒரே தாளில் வைத்தாலும், 'என் கைக்கு வந்து சேர ஆகும் மொத்தம்' என்று ஒரு பத்தி தனியாக வையுங்கள்.

என் தொகுப்பின் மொத்த மதிப்பு என்ன என்று கூட்டிப் பார்க்கலாமா?

கூட்டலாம், ஆனால் அந்தத் தொகை உங்கள் கைக்கு வராது. முந்நூறு மினியை ஒவ்வொன்றாக விற்றால் தளத்தின் கழிவு, பணம் செலுத்தும் சேவையின் கழிவு, பெட்டி, பஞ்சு, அஞ்சலகத்துக்கு நடை எல்லாம் போகத்தான் மீதி. அதற்கு ஒரு வருடமும் ஆகலாம். மொத்தமாகத் தள்ளினால் நாளைக்கே முடியும், மேலே சொன்ன லாட் தள்ளுபடியோடு. எனவே காப்பீட்டுக்கு என்றால் திரும்ப வாங்க ஆகும் விலை, விற்க என்றால் கழிவு போன விலை, அவசரத்துக்கு என்றால் லாட் விலை. மூன்றும் வேறு வேறு தொகை.

போலிகள் விலைக் கணக்கைக் கெடுக்குமா?

கெடுக்கும். பழைய உலோக, ரெசின் மினிகளுக்கு அச்சு எடுத்து மறுபடி வார்க்கும் ரீகாஸ்ட்கள் நிறைய. அசலிலிருந்து அச்சு எடுத்து வார்க்கும்போது பொருள் கொஞ்சம் சுருங்கும். அதனால் அசலோடு பக்கத்தில் வைத்தால் ஒரு நூலளவு சின்னதாக இருக்கும், நுண்ணிய வேலைப்பாடு மழுங்கியிருக்கும், அங்கங்கே காற்றுக் குமிழ் தெரியும். ஒரே விற்பனையாளர் நிறுத்தப்பட்ட அரிய மினியை வாரம் ஒன்று, புத்தம் புதிதாக, பாதி விலைக்கு விற்கிறார் என்றால் அவை அத்தனையையும் கணக்கிலிருந்து நீக்குங்கள். இல்லாவிட்டால் அந்த மினியின் விலை சரிந்துவிட்டது என்று தப்பான முடிவுக்கு வருவீர்கள்.

பிரிக்காத பூஸ்டருக்குத் தனி விலையா?

ஆமாம், தனி ஏடே போடுங்கள். உள்ளே இருக்கும் மினிகளின் விலையோடு அது ஒட்டி நகராது. மறுபடி ஒட்டிய பெட்டிகளும் உண்டு என்பதால் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

முதலீடாக வாங்கிவைக்கலாமா?

விளையாடவோ அலமாரியில் வைத்து ரசிக்கவோ வாங்குங்கள். எந்த நிறுவனமும் எந்த நாளும் மறுபதிப்பு போடலாம், உங்களைக் கேட்கமாட்டார்கள்.

இந்த விளையாட்டே தெரியாது. ஒரு பெட்டி நிறைய மினிகள் கையில் வந்திருக்கின்றன. எங்கே தொடங்குவது?

கழுவ வேண்டாம், ஒட்ட வேண்டாம், வர்ணம் தொட வேண்டாம். பெட்டியின் அடியில் அட்டைகள் கிடந்தால் ஒன்றையும் தூக்கி எறிய வேண்டாம். மினிகளைத் திருப்பி அடித்தட்டில் உள்ள செட் குறியின்படி பிரியுங்கள். பெரிய உருவங்கள், டிராகன்கள், வளையத்தின் நிறம் மற்றவற்றிலிருந்து வேறுபடுபவை ஆகியவற்றைத் தனியாக எடுத்து, அவற்றுக்கு மட்டும் விற்ற விலை தேடுங்கள். மொத்த மதிப்பில் பெரும்பகுதி அந்த ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடும். மீதியை வகைக்குப் பத்தாகக் கட்டி, அடித்தட்டு தெரிய ஒரு படம், முன்பக்கம் தெரிய ஒரு படம் எடுத்துப் போட்டால், வாங்குபவர்கள் எது என்று கண்டுபிடித்துக்கொள்வார்கள்.